பானையில் கை வைத்தவர்கள்

எழுந்ததும் பாக்கியத்துக்கு முதலில் திரும்பி வந்தது மூக்குதான். இமைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. காதுக்குள் எங்கோ தொலைவில் மின்விசிறி சுற்றுவதுபோல் ஓர் இரைச்சல். வாசனை மட்டும் தெளிவாக வந்தது. சாக்பீஸ் தூள், புது பெயின்ட், யாரோ சிந்திய ஃபினாயில். உப்பு வாசனை இல்லை. வேறு யாருடைய உடம்புக்குள்ளோ தவறுதலாக விழித்துக்கொண்டுவிட்டோமோ என்று ஒரு கணம் பயந்தாள்.

"மெதுவா. உடனே உக்காராதீங்கம்மா" என்றது ஒரு குரல். துயில் அதிகாரி நரேந்திரன். அவர் முகத்தில் இப்போது ஒரு தாடி இருந்தது. நேற்று இல்லை. நேற்று என்று அவள் நினைத்தது போன ஜூன் மாதம்.

கோரைமேடு அரசு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகம் அது. பிப்பெட்டும் அமிலப் புட்டிகளும் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நடுத்திட்டைச் சேர்ந்த ஒருவர். முந்தின வருடப் புயல் ஏரி நடுவிலிருந்த அந்தத் தீவைத் தின்றுவிட்டுப் போனபின், பிழைத்த குடும்பங்கள் எல்லாம் இந்தப் பள்ளியில்தான் வந்து ஒதுங்கின. வகுப்புக்கு ஒரு தெரு என்று ஆயிற்று. பள்ளி மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஊர் முறைத்தது, பிறகு கத்தியது, பிறகு குடிநீர்க் குழாயை அடைத்தது. அப்போதுதான் அரசாங்கம் இந்தப் பெட்டிகளை அனுப்பியது. பள்ளி நடக்கும்போது இவர்கள் தூங்குவார்கள். கோடை விடுமுறையில் எழுப்பப்படுவார்கள். மேட்டுநிலத்தில் இவர்களுக்கு வீடு எழும்பும் வரை இப்படியே. எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று செய்திகளில் சொன்னார்கள்.

பக்கத்துப் பெட்டியிலிருந்து லோகிதா தலையைத் தூக்கினாள். பதினைந்து வயது. பதினைந்திலேயே நின்றிருந்தாள்.

"யம்மா, பரிச்சை முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிருக்கும்."

"நான் எழுதலியே."

"நீ தூங்கிகினு இருந்த. எழுந்திரு."

வெளியே வெயில் அறைந்தது. கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆண்களும் பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட நண்டுகள்போல் பக்கவாட்டில் நகர்ந்து மைதானத்துக்கு வந்தார்கள். சுற்றுச்சுவருக்கு மேல் வரிசையாகத் தலைகள்.

"எழுந்துட்டாங்கடா கும்பகர்ணன் பேட்டை!"

"தூங்கியே சோறு துன்றவங்களப் பாருங்க. குடுத்து வெச்சவங்க."

பாக்கியம் தலையை நிமிர்த்தி, "வாயேன் உள்ள. எடம் காலியாத்தான் கீது, படுத்துப் பாரு" என்று கத்தினாள். அவள் எதிர்பார்த்த அளவுக்குக் குரல் எழும்பவில்லை. சுவர் சிரித்தது.

கேட்டருகே ஹரிப்பிரியா நின்றிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் லோகிதாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது அரை சாண் கூடுதல் உயரம், ஒரு கைக்கடிகாரம், கண்ணுக்கடியில் லேசான கருவளையம். லோகிதாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஒண்ணுமே மாறல லோகி. நேத்து பார்த்த மாதிரியே இருக்க."

"எனக்கு நேத்துதான்" என்றாள் லோகிதா.

"நான் லெவன்த் போறேன். பயாலஜி குரூப்." சற்று நிறுத்தி, "உனக்கு வேணும்னா என் டென்த் புக்ஸ் தரேன். அப்பா எடைக்குப் போடச் சொல்லிட்டாரு" என்றாள்.

லோகிதா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அந்த மூச்சின் சூடு முதுகில் பட்டபோதே பாக்கியம் முடிவு செய்துவிட்டாள். இவளை இனி அந்தப் பெட்டிக்குள் படுக்க விடுவதில்லை.

மறுநாள் நடுத்திட்டின் நாட்டார் ஏகாம்பரம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஒரு மண்பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தலைமையாசிரியை சுகந்தியின் அறைக்குப் போனார். நாட்டார் என்றால் அவர்கள் ஊரின் தலைவர். அவர் போகும் இடத்துக்குத் துணைக்கு ஒருவர் போக வேண்டும் என்பது வழக்கம். இந்த முறை பாக்கியம் போனாள்.

"எங்க பாடு முடிஞ்சிது டீச்சர்" என்றார் ஏகாம்பரம். "உங்க ஆளுங்க எப்ப படுக்கறாங்க?"

சுகந்தி பேனாவை மூடினார். "என்ன படுக்கறது?"

"பெட்டியிலதான். போன வருசம் நாங்க படுத்தோம், நீங்க முழிச்சிகினு இருந்தீங்க. இந்த வருசம் நாங்க முழிச்சிகினு இருப்போம். எங்க பசங்க படிக்கணும், நாங்க வேலைக்குப் போவணும். உங்களுக்கு இன்னா தேதி தோதுன்னு கேட்டுப் போலாம்னு வந்தோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று சுகந்தி அவர் முகத்தைத் தேடினார். அங்கே விளையாட்டு இல்லை. வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்க வந்தவரின் நிதானம்தான் இருந்தது.

"உங்களுக்கு யார் அப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஏரியில வலை போடற எடம் கொஞ்சந்தான் டீச்சர். எல்லாரும் ஒண்ணா எறங்கினா யாருக்கும் மீனு கெடைக்காது. அதுக்குத்தான் பானையில சீட்டு போட்டு எடுக்கறது. இன்னிக்கி இவன் எறங்குவான், அவன் கரையில நிப்பான். அப்பால அவன் எறங்குவான், இவன் நிப்பான். அதான் பாடு. கரையில நிக்கறவன் சண்டை போட மாட்டான். ஏன்னா அவன் மொறை வந்தே தீரும்."

"அது மீனுக்கு. இது பள்ளிக்கூடம்."

"எடம் கம்மி, ஆளு ஜாஸ்தி. இதுல இன்னா வித்தியாசம்?"

"பெரியவரே, நாங்க எப்ப உங்ககிட்ட அப்படி ஒத்துக்கிட்டோம்?"

பாக்கியம் குறுக்கே வந்தாள். "பானையில கை வெச்சது நீங்கதான டீச்சர்?"

சுகந்திக்கு நினைவு வந்தது. பெட்டிகள் வந்த நாளன்று யாருக்கு எந்தப் பெட்டி என்பதில் தகராறு. மேல் அடுக்குக்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. சீட்டுப் போடலாம் என்று இந்தப் பெரியவர்தான் பானையைக் கொண்டுவந்தார். "நீங்க எடுங்க டீச்சர்" என்று இரு கைகளாலும் நீட்டினார். குத்துவிளக்கு ஏற்றச் சொல்வதுபோல் அதையும் சுகந்தி ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டு, வளையலை மேலேற்றி, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி கையை உள்ளே விட்டார்.

"பாடுல பங்கு இல்லாதவங்க அந்தப் பானையில கை வெக்க மாட்டாங்க" என்றார் ஏகாம்பரம். "கலெக்டரே வந்தாலும் வுட மாட்டோம். ஊரு சார்பா நீங்க கை வெச்சீங்க. அதப் பாத்துட்டுத்தான் எங்க ஜனம் ஒரு வார்த்த பேசாம போயி படுத்துச்சி. இல்லாங்காட்டி எவன் படுப்பான்?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க!"

"கூப்ட்டோம். வந்தீங்க. அவ்ளோதான்."

கதவருகே ஒரு கனைப்பு. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கோதண்டம். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், ஹரிப்பிரியாவின் அப்பா. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டு நின்றாரோ.

"யோவ், எடம் குடுத்து, கரன்ட்டு குடுத்து, வருஷம் முழுக்க ஏசியில தூங்க வெச்சிருக்கு கவர்மென்ட்டு. அதுக்கு நன்றி சொல்லத் தெரியல, வந்து முறை கேக்கறியா? என் பொண்ணை ஐஸ்பெட்டியில படுக்கச் சொல்றியா?"

"என் பொண்ணு படுத்தா மட்டும் அது ஏசி, உன் பொண்ணு படுத்தா ஐஸ்பெட்டியா?" என்றாள் பாக்கியம்.

"ஏம்மா, மரியாதையா பேசு."

"மரியாதை குடுத்துத்தான் ஒரு வருசம் தொலைச்சோம்."

அன்றைக்கு அவர்களை வாட்ச்மேன் வெளியே கொண்டுபோய் விட்டான். சாயங்காலத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நம்மைப் பெட்டியில் படுக்கச் சொல்கிறார்களாம். டீக்கடையில் அதற்கு ஒரு சிரிப்பும் மளிகைக்கடையில் ஒரு கோபமும் கிடைத்தன. அதற்கு மறுநாளிலிருந்து நடுத்திட்டுப் பெண்களுக்கு மளிகைக்கடையில் எது கேட்டாலும் "ஸ்டாக் இல்ல" என்ற பதில்தான்.

பாக்கியம் மகளை அழைத்துக்கொண்டு மேட்டுநிலத்துக்கு நடந்தாள். தன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. தூக்கத்தில் கனவு வராது என்று நரேந்திரன் சொல்லியிருந்தார். ஆனால் ஒன்று வந்தது, அல்லது விழித்த பிறகு வந்ததாக அவள் நம்பினாள். மஞ்சள் அடித்த ஒரு வீடு, தண்ணீருக்கு மேலே மெல்ல மிதந்துகொண்டு, யாருக்காகவோ காத்திருப்பதுபோல்.

மேட்டில் இருந்தவை இடுப்புயரச் சுவர்கள். அவற்றுக்குள் எருக்கஞ்செடி வளர்ந்திருந்தது. ஒரு தார்ப்பாய் நிழலில் வேலையாட்கள் சிலர் படுத்திருந்தார்கள். எல்லோரும் ஒடிசாக்காரர்கள். அவர்களில் பசந்த் என்பவன் மட்டும் எழுந்து வந்தான். தமிழ் அவனுக்குப் பாதி வந்தது.

"அக்கா, நீங்க தூங்கற ஆளுங்களா? இந்த வீட்டு ஆளுங்க?"

"வீடா இது? ஆட்டுப்பட்டியாட்டம் கீது. ஒரு வருசமா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"சிமெண்ட் வரல அக்கா. லாரி இங்க வரும்னு சொல்லும், வேற எடம் போவும். மேஸ்திரி கேட்டா, யாரு கேக்கறா, எல்லாம் தூங்குதுன்னு சிரிக்கும்." அவனும் கொஞ்சம் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "உங்களுது எது?"

அவள் ஏரியைப் பார்த்திருந்த கடைசிச் சுவர்களைக் காட்டினாள்.

"அது நான் கட்றேன். சன்னல் பெருசா வெக்கறேன் அக்கா. தண்ணி தெரியும்."

"சன்னலு அப்பறம் வெய்யி. மொதல்ல செவுத்த ஏத்து."

லோகிதா எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். அவனும்.

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் சுகந்தி டீச்சரே தேடிக்கொண்டு வந்தார். நடுத்திட்டார் பள்ளிக் கலையரங்கில் தங்கியிருந்தார்கள். டீச்சரோடு கோதண்டமும் நரேந்திரனும் வந்திருந்தார்கள். கோதண்டம் செருப்பை வாசலிலேயே கழற்றினார். அதைப் பார்த்ததும் பாக்கியத்துக்குச் சந்தேகம் வந்தது.

"பசங்கள இந்த வருஷம் தூங்க வைக்க வேண்டாம்னு நினைக்கிறோம்" என்றார் சுகந்தி. "படிக்கட்டும்."

ஏகாம்பரம் பீடியை அணைத்தார். "ஏன்?"

சுகந்தி தரையைப் பார்த்தார். "புது உத்தரவு. தூங்கற பிள்ளைங்களை மாணவர் எண்ணிக்கையில சேர்க்கக் கூடாதுன்னு. உங்க பசங்க இல்லாட்டா நம்ம பள்ளிக்கு எண்ணிக்கை போதாது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளியோட இணைச்சிடுவாங்க."

"போன வருசம் எங்க பசங்கள சேத்துக் கணக்கு காட்டினீங்களா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"வளாகத்துக்குள்ளதானே இருந்தாங்க."

பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டாள். "தூக்கத்துலயே பாடம் நடத்திட்டீங்களா டீச்சர்? வூட்டுப்பாடம் குடுத்தீங்களா?"

சிரிப்பு அரங்கில் ஒரு சுற்று சுற்றி வந்தது. சுகந்தியின் காது சிவந்தது. ஆனாலும் நின்றார். "பெரியவங்க திட்டப்படி படுக்கட்டும். பிள்ளைங்கள ஊர்ல ஆளுக்கு ஒரு வீட்டுல வச்சுப் பார்த்துக்கறோம்."

"லோகிதா எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார் கோதண்டம். "என் பொண்ணு மாதிரி."

"உன் பொண்ணு பாத்தரம் தேய்க்குமா?"

அவர் வாசலில் கழற்றிய செருப்பைப் பார்த்தார்.

"பசங்க முழிச்சிகினா ஆளுக்கொரு பெரியவங்களும் முழிச்சிகினுதான் இருக்கணும்" என்றாள் பாக்கியம். "இந்த அரங்கத்துலயே இருந்துக்கறோம். நான் வருசா வருசம் லீவுல எழுந்து, எவன் வூட்லயோ வளந்த பொண்ணப் பாத்து நீ யாரும்மான்னு கேக்கவா?"

நரேந்திரன் தயங்கித் தொண்டையைச் செருமினார். "அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. பசங்க பெட்டிக்கே வேற ஆள் தேடணும். அடுக்குல பெட்டி காலியா இருக்கக் கூடாது. ஒரு உடம்போட சூட்டை எடுத்துத்தான் அடுத்த உடம்பை சமன்ல வைக்குது மெஷின். நடுவுல ஒண்ணு காலின்னா பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆபத்து. எழுந்திரிக்காமலே போயிடலாம். எத்தனை பேர் வெளிய இருக்கீங்களோ, அத்தனை பேர் உள்ள போகணும்."

"அப்ப எல்லாரையும் வெளிய வுடுங்க."

"எல்லாரும் வெளிய வந்தா வகுப்பறை ஏது?" என்றார் சுகந்தி.

ஏகாம்பரம் எழுந்து போனார். மேடைக்கடியிலிருந்து பானையை எடுத்துவந்து கோதண்டத்தின் காலடியில் வைத்தார்.

"மிரட்டறீங்களா?"

"உங்க மொறை. கேக்கறோம்."

கோதண்டம் கத்தினார். நன்றிகெட்டவர்கள் என்றார், குடிசை வாழ்க்கையில் புத்தி இப்படித்தான் போகும் என்றார். ஏகாம்பரத்தின் மகன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். நரேந்திரன் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். பள்ளி மூடினால் ஹரிப்பிரியா நெடுஞ்சாலையைத் தினமும் தாண்ட வேண்டும் என்று சுகந்தி தாழ்ந்த குரலில் சொன்னபோதுதான் கோதண்டத்தின் வாய் நின்றது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது வியர்வையைத் துடைத்தபடி மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"சரி. பசங்களும் ஆளுக்கொரு பெரியவங்களும் இருங்க. அத்தனை பெட்டிக்கும் ஊர் ஆள் தரும்."

"கை வெச்சி சொல்லு" என்றாள் பாக்கியம்.

அவர் குனிந்து பானைக்குள் கையை விட்டார். சுகந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், புரியாத கணக்கைப் பார்ப்பதுபோல்.

பள்ளி திறந்த காலையில் லோகிதா சீருடையில் நின்றாள். பாவாடைக்கு இரண்டு முறை இஸ்திரி போட்டிருந்தாள். நடுத்திட்டில் படுக்கப் போகிறவர்கள் ஆய்வகத்தின் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரமும் அதில் ஒருவர். ஊர்க்காரர்களின் வரவை அவர் கேட்டைப் பார்த்தபடி எதிர்பார்த்திருந்தார். மளிகைக்கடைக்காரர் வருவாரா, கோதண்டமே வருவாரா என்று இளைஞர்கள் பந்தயம் பேசிக்கொண்டார்கள். சுவருக்கு மேல் இன்றைக்குத் தலைகள் இல்லை.

ஒரு டெம்போ உள்ளே வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். புதுத் துண்டு, புதுப் பனியன், நகக்கண்ணில் காய்ந்த சிமெண்ட். மேட்டுநிலத்து ஆட்கள்.

ஏகாம்பரம் எழுந்தார். "இன்னா கோதண்டம் இது?"

"ஆள் தரோம்னு சொன்னேன். தந்தாச்சு. காண்ட்ராக்டர்கிட்ட பேசி தூங்கறதுக்கே கூலி வாங்கிக் குடுத்திருக்கேன். அவங்களுக்கும் சந்தோஷம்."

"ஊரு படுக்கும்னுதான பேச்சு?"

"பெரியவரே, உங்க பாடுல ஒருத்தனுக்கு இறங்க முடியலன்னா கூலிக்கு ஆள் இறக்க மாட்டீங்களா? அது கூடாதுன்னு இருக்கா? விசாரிச்சுட்டுத்தான் கை வெச்சேன்."

ஏகாம்பரத்துக்குத் தெரியும். கூடாது என்று இல்லை. காய்ச்சல்காரனும் கல்யாண வீட்டுக்காரனும் கூலிக்கு ஆள் இறக்குவார்கள். அப்படி இறங்கியவனை மறித்து யாரும் வலையைப் பிடுங்கியதில்லை. இது எந்தக் காலத்திலும் நியாயம்தான். அவர் திரும்பி, குழந்தைகளோடு நின்ற பெண்களைப் பார்த்தார்.

"இவனுங்க படுத்துட்டா மேட்டுல யாரு வேல செய்வா? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே நிறுத்திடறேன்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெட்டிகள் நிரம்பியாக வேண்டும். நிரப்ப வேறு யாரும் இல்லை, பிள்ளைகளைத் தவிர.

ஒருத்தி மகனின் தலையைக் கோதிவிட்டாள். ஒருத்தி காலணியின் வாரைக் குனிந்து கட்டினாள். சுகந்தி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டு மைதானத்தை நோக்கி நடந்தார். பாக்கியம் அந்தப் பக்கம் பார்த்தாள். பத்தாம் வகுப்பு வரிசையில் லோகிதா, தன்னைவிடச் சின்னப் பெண்களுக்கு நடுவில், கையை நெஞ்சுக்கு நேராக நீட்டி இடைவெளி அளந்துகொண்டிருந்தாள்.

"பசங்க லைன்ல நின்னுட்டாங்க நாட்டார்" என்றாள் பாக்கியம்.

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குள் போனார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புது ஆட்களைப் படுக்கவைக்க நரேந்திரனுக்கு உதவி தேவைப்பட்டது. பழகியவர்கள் என்று பெண்களைக் கூப்பிட்டார். லோகிதா படுத்திருந்த பெட்டியின் மூடியைப் பாக்கியம் திறந்தபோது அதற்குள் ஏறிக்கொண்டிருந்தவன் அவளை அடையாளம் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அக்கா! நீங்க படுக்கலியா?"

"இல்ல. காலை நீட்டு."

பசந்த் காலை நீட்டினான். பெட்டி அவனுக்குச் சற்று சிறியது. முழங்காலை மடக்கிச் சரிசெய்தாள். வெளியே தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கிவிட்டது. அத்தனை குரல்களுக்குள் மகளின் குரலைப் பிரித்தெடுக்க முயன்றாள், முடியவில்லை. மூடியை இறக்கும்போது அவன் விரலை இடையில் வைத்து நிறுத்தினான்.

"அக்கா, எங்கள எப்ப வெளிய வுடுவாங்க? மேஸ்திரி ஒண்ணும் சொல்லல. நீங்க படுத்தவங்க, உங்களுக்குத் தெரியும்."

அவள் அவன் விரலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"வீடு கட்டி முடிச்சதும்" என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.